‘உண்டாக்கும்’ என்னும் வினைமுற்று: இரைப்பைக் கிருமியும் இரைப்பைப் புற்றுநோயும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நலக்கல்வித் துண்டறிக்கை ஒன்றின் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்துத் தருமாறு என்னைக் கேட்டிருந்தனர். ஒரே தாள், இரு பக்கங்கள். பணி ஓய்வு பெற்ற மொழியியலாளனுக்கு இத்தகைய வேலைகள் அடிக்கடி வருவதுண்டு. ஒற்றுப்பிழை களைந்து, வல்லினம் மிகுமிடம் பார்த்து, அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணினேன். ஆறாவது வரியில் பேனா நின்றுவிட்டது. “இக்கிருமி இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்கும்” என்று அவ்வரி கூறியது. மறுபக்கத்தின் அடியிலோ, “புற்றுநோய் தொற்றுநோயன்று, அச்சம் வேண்டா” என்றிருந்தது. இரண்டையும் ஒருசேரப் படிக்கும் மாணவன் எதனை நம்புவான்?

அவ்விரு தொடர்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியதே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ஆயினும் ‘காரணம்’ என்னும் சொல் எங்கெல்லாம் கையாளப்படுகிறதோ, அங்கெல்லாம் மொழியறிஞனுக்கும் சிறிது வேலை உண்டு. இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு; அதனையும் மறைக்கப் போவதில்லை.

முதலில், நம் நாட்டில் இந்நோயைக் குறிக்க வழங்கும் சொல். மலேசியத் தமிழர் வீடுகளில் மேல்வயிற்று எரிச்சல், உப்புசம், பசிநேர வலி ஆகிய அனைத்துக்கும் ‘கேஸ்ட்ரிக்’ என்ற ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் அஃது ‘இரைப்பை சார்ந்த’ என்னும் பெயரடை மட்டுமே. மலாய்மொழியும் தமிழும் அதனைப் பெயர்ச்சொல்லாக்கி, ஒரு நோயின் பெயராகவே வழங்குகின்றன. மொழி நூலார் இதில் குறை காண்பதற்கில்லை. சொற்கள் வகை மாறுவது இயல்பு. ஆனால் பெயர் கிடைத்துவிட்டால் காரணமும் தெரிந்துவிட்டதாக மனம் நிறைவடைந்துவிடுகிறது. ‘எனக்குக் கேஸ்ட்ரிக்’ என்று சொன்னவுடன் மேற்கொண்டு கேள்வி எழுவதில்லை. நேரத்துக்கு உண்ணவில்லை, காரம் மிகுதி, கவலை மிகுதி என்ற மூன்று விடைகள் எப்போதும் தயாராக உள்ளன.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய என் தந்தையார்க்கும் இருபது ஆண்டுகளாகக் ‘கேஸ்ட்ரிக்’ இருந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் ஒரு வெள்ளைக் கலவை மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். அம்மா அதனைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அப்பா அதிகாலையில் வெட்டுக்காட்டுக்குப் புறப்படுமுன் ஒரு மிடறு குடிப்பார். 1978ஆம் ஆண்டு, ஐம்பத்து நான்காம் அகவையில், இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அவரது இரைப்பையில் எக்கிருமி இருந்தது என்று யாரும் சோதித்ததில்லை. சோதிக்கலாம் என்று அன்று உலகில் எவருக்கும் தோன்றியிருக்கவும் இல்லை.

தோன்றியது அடுத்த ஆண்டில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராயல் பெர்த் மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் அறிஞர் இராபின் வாரன், 1979 ஜூன் 11ஆம் நாள், தம் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளன்று, நோயாளி ஒருவரின் இரைப்பைச் சவ்வுத் துணுக்கினை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சவ்வின் மேற்பரப்பில் வளைந்த சிறு கோல்கள் போன்ற நுண்ணுயிர்கள் மொய்த்திருந்தன. வெள்ளிச் சாயமேற்றியபோது அவை இன்னும் தெளிவாகத் தெரிந்தன. இரைப்பை அமிலக் கொப்பரை. அங்கு எந்த உயிரும் நிலைத்து வாழாது என்பது அக்காலப் பாடநூல் கருத்து. வாரன் தம் கண்ணை நம்பினார். உடன்பணியாற்றியோர் பாடநூலை நம்பினர்.

1981இல் பேரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். இருவரும் நோயாளிகளின் திசுவிலிருந்து அந்நுண்ணுயிரை ஆய்வுத் தட்டில் வளர்க்க முயன்றனர். முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஆய்வுக்கூட வழக்கப்படி, இரண்டு நாளில் எதுவும் முளைக்காத தட்டுகள் எறியப்பட்டுவந்தன. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் எறிவதற்கு ஆளில்லாமையால் தட்டுகள் சில நாள் கூடுதலாக அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்தன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! அது மெல்ல வளரும் இனம். இரண்டு நாள் போதாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது. விடுமுறை கேட்பதற்கு அவர்கள் இதனைப் பயன்படுத்திக்கொள்வது வேறு செய்தி.

அடுத்து மார்ஷல் செய்தது பலரும் அறிந்ததே. விலங்குகளில் நோயை உண்டாக்கும் முயற்சி கைகூடாமையால், 1984இல், தம் இரைப்பை நலமாக உள்ளதென முதலில் உள்நோக்கிக் கருவியால் உறுதிசெய்துகொண்டு, கிருமி வளர்ந்த நீர்மத்தைத் தாமே குடித்தார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, மூச்சு நாறியது. பத்தாம் நாள் மீண்டும் உள்நோக்கியபோது இரைப்பைச் சவ்வு அழன்றிருந்தது, கிருமியும் அங்கிருந்தது. இந்தச் சோதனை எதனை மெய்ப்பித்தது என்பதில் கவனம் வேண்டும். கிருமி இரைப்பை அழற்சியைத் தோற்றுவிக்கும் என்பதையே அது காட்டியது. புண்ணைக் காட்டவில்லை, புற்றைக் காட்டவேயில்லை. மேடைப்பேச்சாளர் சிலர் மார்ஷல் ‘புற்றுநோய்க் கிருமியைக் குடித்தார்’ என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும், செய்தி பிழைபடும். வாரனும் மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றது, இக்கிருமியைக் கண்டறிந்து, அழற்சியிலும் இரைப்பை, முன்சிறுகுடற் புண்களிலும் அதன் பங்கினை நிறுவியமைக்காகவே.

கிருமியின் பெயரும் ஓர் இலக்கண வரலாறு உடையது. முதலில் அதற்குக் ‘கேம்பிலோபேக்டர் பைலோரிடிஸ்’ என்று பெயரிட்டனர். இலத்தீன் வேற்றுமை உருபு பிழை என்று கண்டு, 1987இல் ‘பைலோரி’ என்று திருத்தினர். பின்னர் அது வேறு பேரினம் என்று தெளிந்து, 1989இல் ‘ஹெலிகோபேக்டர் பைலோரி’ ஆயிற்று. ‘ஹெலிகோ’ என்பது சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடி. ‘பைலோரஸ்’ என்பது வாயிற்காவலன். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் வாயிலுக்கு வைத்த பெயர். ‘காவல்வாயிற் சுருட்கோலுயிர்’ என்று நான் ஒருமுறை தமிழாக்கிப் பார்த்தேன். என் மாணவர் யாரும் அதனை இரண்டாம் முறை சொல்லவில்லை. ஆகவே இங்குப் பைலோரி என்றே குறிக்கிறேன்.

அழற்சியிலிருந்து புற்றுக்கு வருவோம். நோயுற்றோரிடம் இக்கிருமி உண்டா என்று எண்ணிப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரைப்பையில் இக்கிருமி குடியிருந்த காலம் அது. இருப்பதால் மட்டும் குற்றவாளி ஆகிவிடாது. மற்றொரு சிக்கல் இன்னும் நுட்பமானது. நீண்டகால அழற்சியால் இரைப்பையின் அமிலச் சுரப்பிகள் தேய்கின்றன. அவ்விடத்தில் குடலின் உயிரணுக்களை ஒத்த அணுக்கள் முளைக்கின்றன. அவ்வாறு மாறிய இரைப்பை பைலோரிக்கே உகந்த இடமாக இருப்பதில்லை. ஆகவே புற்று வெளிப்படும் நாளில், தொடக்கிவைத்த கிருமி அருகியோ அகன்றோ போயிருக்கக்கூடும். அன்று சோதித்தால் ‘இல்லை’ என்றே விடை வரலாம்.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. ‘வைத்தான்’ என்பது பேச்சுவழக்கில் ‘வச்சான்’ ஆகிறது. தகரம் சகரமானது எதனால்? ஐகாரத்தில் உள்ள இகரக் கூற்றினால். ஆனால் ‘வச்சான்’ என்னும் வடிவில் அந்த ஐகாரம் எங்கே? தன் வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிட்டது. ‘ஐந்து’, ‘அஞ்சு’ என்பதும் அவ்வாறே. இன்றைய வடிவத்தை மட்டும் பார்ப்பவன் சகரத்துக்குக் காரணம் காணமாட்டான். பழைய வடிவம் எழுத்தில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது.

மருத்துவர்க்கு அத்தகைய பழைய ஏடாக வாய்த்தது, உறைநிலையில் சேமித்துவைத்த குருதிநீர். 1967 முதல் 1970 வரை ஹவாயியில் வாழ்ந்த ஜப்பானிய மரபினரான 5,908 ஆடவரிடமிருந்து குருதி எடுத்து வைத்திருந்தனர். இரண்டு பத்தாண்டுகளுக்குப் பின், அவர்களுள் இரைப்பைப் புற்றுநோய் உறுதியான 109 பேரின் பழைய குருதிநீரையும், நோயுறாத ஒத்த வயதினரின் குருதிநீரையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். நோயுற்றோரில் 94 விழுக்காட்டினரிடம் கிருமித்தொற்றின் சான்று இருந்தது. மற்றவரில் 76 விழுக்காடு. கணக்கிட்டபோது, தொற்றுடையோர்க்கு இடர் ஆறு மடங்கு. கலிபோர்னியாவிலும் பிரிட்டனிலும் இவ்வாறே சேமித்த குருதிநீரை ஆராய்ந்த குழுக்களும் அதே 1991ஆம் ஆண்டில் அதே திசையில் முடிவு கண்டன. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பைலோரித் தொற்றினை மனிதரில் புற்று விளைக்கும் காரணிகளின் முதற் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அப்பிரிவில்தான் உள்ளது.

ஜப்பானில் 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. தொற்றுடைய 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. தொற்றில்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இந்த எண்களை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம். 36 என்பதைக் கண்டு அஞ்சும் மாணவனிடம், எஞ்சிய 1,210 பேரைப் பற்றியும் கேட்க வேண்டும்.

கிருமி இதனை எவ்வாறு செய்கிறது? அமிலத்தில் வாழ்வதற்கு அதனிடம் ஒரு தந்திரம் உண்டு. யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைப் பிளந்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டும் தணித்துக்கொள்கிறது. சுருள் உடலாலும் நீந்து இழைகளாலும் சளிப்படலத்தைத் துளைத்துச் சவ்வினை அடைகிறது. வீரியமிக்க வகைகளில், ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாகக் ‘கேக்-ஏ’ என்னும் புரதம் நம் உயிரணுவுக்குள் செலுத்தப்படுகிறது. அணுக்களின் வளர்ச்சிக் கட்டளைகளை அது குழப்புகிறது. கிழக்காசிய வகைகளின் கேக்-ஏ இதில் கூடுதல் வலிமை உடையது. அழற்சி, சுரப்பித் தேய்வு, குடலணு மாற்றம், ஒழுங்கற்ற அணுவளர்ச்சி, புற்று என்னும் படிவரிசையை வகுத்துக் காட்டியவர் கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரேயா. பைலோரி அறியப்படுவதற்கு முன்பே, 1975இல், அவர் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். படிகள் தெரிந்திருந்தன, முதற்படியில் ஏற்றிவிட்டது யார் என்பதே தெரியாமலிருந்தது. படிகளைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலோர் முதல் இரண்டு படிகளிலேயே வாழ்நாளைக் கழித்துவிடுகின்றனர்.

நம் நாட்டுக்கு இங்கு ஒரு தனியிடம் உண்டு. மலேசியாவில் மூவினத்தாரிடமும் பைலோரித் தொற்றினை ஆராய்ந்தவர்களுள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியன் லீ, பராசக்தி நவரத்தினம் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். தொற்று இந்தியரிடமும் சீனரிடமும் மிகுதி, மலாய்க்காரரிடம் குறைவு, கிளந்தானில் மிகவும் குறைவு. ஒரே ஊரில், ஒரே தண்ணீர் குடித்து வாழ்ந்தும் இவ்வேறுபாடு நிலைப்பதற்குக் காரணம், தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள், வாய்வழியாகப் பரவுவதே. ஒவ்வோர் இனமும் தன் கிருமியைத் தன் குடும்பங்களுக்குள்ளேயே வழிவழியாகக் கைமாற்றி வந்திருக்கிறது.

தொற்று இந்தியரிடம் மிகுதி என்றால் இரைப்பைப் புற்றும் இந்தியரிடம்தானே முதலிடத்தில் இருக்க வேண்டும்? இல்லை. அது சீனரிடமே மிகுதி, இந்தியர் இடைநிலை, மலாய்க்காரர் கடைநிலை. இந்தியாவிலும் தொற்று பரவலாக இருந்தும் பெரும்பாலான பகுதிகளில் இப்புற்று குறைவே. மிசோரம் அதற்கு விலக்கு. இதே முரண்பாடு ஆப்பிரிக்காவிலும் காணப்பட்டதால் ‘ஆப்பிரிக்கப் புதிர்’ என்று ஒரு பெயரே வழங்குகிறது. கிருமியின் வகை, உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு, புகைபிடித்தல், ஏற்பவர் உடலின் மரபணு ஆகியன இப்புதிரின் துண்டுகள். எத்துண்டு எவ்வளவு பெரிது என்பதில் அறிஞர் இன்னும் ஒருமைப்படவில்லை.

இக்கிருமியின் மரபணு வேறுபாடுகள் மனிதக் குடிப்பெயர்ச்சியின் சுவடுகளைத் தாங்கியுள்ளன. மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறியபோதே அது உடன் பயணம் செய்திருக்கிறது. பசிபிக் தீவுகளில் கிடைத்த வகைகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவ்வகைகளின் பரவல், தைவானிலிருந்து ஆஸ்திரோனேசிய மொழிகள் பரவிய வழியோடு ஒத்துச்செல்வதைக் காட்டியது. மொழியியலார் சொற்பட்டியல்களை வைத்து வரைந்த வரைபடத்தை ஒரு கிருமி வந்து வழிமொழிந்தது! அதே ஆண்டில் மலேசியக் கிருமிவகைகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, மலாய்க்காரரிடம் உள்ளவை பெரும்பாலும் இந்தியரிடம் உள்ளவற்றையே ஒத்திருப்பதாகவும், அண்மைக் காலத்தில்தான் அவர்களை அடைந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. ‘கடை’, ‘கப்பல்’ முதலிய சொற்களை மலாய்மொழிக்குத் தந்ததைப் பெருமையாகப் பேசும் நாம், இக்கொடையைப் பற்றி அடக்கமாக இருப்பது நல்லது.

இனி அந்த வினைமுற்று. நம் தருக்க மரபு காரணத்தை மூவகையாகப் பகுக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இரைப்பைப் புற்றுக்கு நம் சொந்த உயிரணுக்களே மண். அழற்சி சக்கரம். கிருமியைக் குயவன் எனலாமா? அவ்வாறெனில், நூறு குயவருள் ஓரிருவர், மிஞ்சினால் மூவர், அதுவும் வாழ்நாள் முழுதும் சக்கரத்தைச் சுற்றி ஒரு குடம் வனைகின்றனர். மற்றையோர் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கின்றனர். மறுபுறம், குடங்களை எண்ணினால், இரைப்பையின் மேல்வாய்ப் பகுதி நீங்கலாக எழும் புற்றுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதின் பின்னால் இக்குயவன் நிற்கிறான். கிருமியிலிருந்து பார்த்தால் ‘உண்டாக்கும்’ என்பது மிகை. புற்றிலிருந்து பார்த்தால் ‘உண்டாக்கக்கூடும்’ என்பது குறை. ‘உம்’ ஈற்று வினைமுற்று ‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’ என்பதுபோல் நியதியையும் குறிக்கும் என்பதால்தான் அவ்வரியில் என் பேனா நின்றது.

காரணம் மெய்யானதா என்பதை அறிய ஒரு வழி உண்டு: அதனை நீக்கிப் பார்ப்பது. சீனாவின் புஜியான் மாநிலத்தில் தொற்றுடைய 1,630 பேரில் ஒரு பாதியினருக்குக் கிருமியொழிப்பு மருந்தும் மறுபாதியினருக்கு வெற்று மருந்தும் கொடுத்து ஏழரை ஆண்டுகள் பார்த்தனர். மருந்து பெற்றோரில் 7 பேருக்கும், பெறாதோரில் 11 பேருக்கும் புற்று வந்தது. உறுதியாக எதுவும் சொல்ல இயலாத வேறுபாடு. ஆனால் தொடக்கத்தில் சுரப்பித் தேய்வு முதலிய மாற்றங்கள் இல்லாதோரை மட்டும் தனியே எண்ணியபோது, மருந்து பெற்றோரில் ஒருவருக்கும் இல்லை. பெறாதோரில் 6 பேர். மேற்படிகளுக்கு ஏறிவிட்டபின் ஏணியை எடுத்துப் பயன் குறைவு என்பது இதன் குறிப்பு. தைவானின் மாட்சுத் தீவுகளில் 2004 முதல் மக்கள்தொகை முழுவதையும் கருதிச் சோதித்துக் கிருமியை ஒழித்துவந்ததில், புற்று நிகழ்வு 53 விழுக்காடு குறைந்ததாக 2021இல் அறிவித்தனர். ஜப்பான் 2013இல், புண் இல்லாவிடினும் கிருமிவழி அழற்சி இருந்தாலே சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு என்று விதியை விரித்தது.

சோதனை எளிது. சிறப்பு யூரியாவைக் குடித்துவிட்டுப் பைக்குள் மூச்சை ஊத வேண்டும். கிருமியின் நொதி யூரியாவைப் பிளந்தால் அதன் கரி, மூச்சுக்காற்றில் கண்டறியப்படும். மலச்சோதனையும் உண்டு. அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளைச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, நிறுத்தாவிட்டால் விடை பொய்த்துவிடலாம். சிகிச்சையில் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் அமிலத் தடுப்பியுடன், பெரும்பாலும் பதினான்கு நாள், ஒருவேளையும் விடாமல் கொடுக்கப்படுகின்றன. பாதியில் நிறுத்துவோரால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருகின்றன. பக்கத்து வீட்டார் தந்த மிச்ச மாத்திரையை விழுங்குவோராலும்தான். காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் இடர், கருநிற மலம், ஓயாத வாந்தி, குருதிச்சோகை ஆகியன இருப்பின் மூச்சுச் சோதனையோடு நின்றுவிடாமல் உள்நோக்கிப் பார்க்கவேண்டும். அங்குக் ‘கேஸ்ட்ரிக்’ என்னும் சொல்லுக்கு இடமில்லை. உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சத்து 69 ஆயிரம் பேர் இரைப்பைப் புற்றுநோயால் மாண்டனர்.

துண்டறிக்கையை நான் அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை, பத்து நாளாயிற்று. ஆறாவது வரியை இவ்வாறு மாற்றினேன்: “இக்கிருமி நீண்டகாலம் இரைப்பையில் தங்கினால், சிலருக்குப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. கிருமியை உரிய காலத்தில் நீக்கினால் அந்த இடர் குறைகிறது.” கடைசி வரியையும் விட்டுவைக்கவில்லை: “புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. இந்தக் கிருமி தொற்றும்.” இடமில்லை என்று முதலில் தயங்கினர், படத்தைச் சிறிதாக்கி இடம் கண்டனர்.

அதன்பின் நானும் என் அக்காளும் மூச்சுச் சோதனை செய்துகொண்டோம். எனக்கு இல்லை. எழுபத்து நான்கு வயது அக்காளுக்கு இருந்தது. “அப்பா தட்டில் மிச்சம் வைக்கும் சோற்றை நான்தானே எடுத்துச் சாப்பிடுவேன்” என்றார். அதனால்தான் வந்தது என்று சொல்ல எந்தச் சோதனையாலும் இயலாது என்று விளக்கினேன். அவர் தலையசைத்தாரே தவிர ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. பதினான்கு நாள் மருந்தை, நாள்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் கோடு போட்டு, முடித்துவிட்டார். மருந்து முடிந்து நான்கு வாரம் கழிந்தபின்னரே மறுசோதனை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். அந்நாளுக்கும் அக்காள் நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டு வைத்தார்.